நாலா, ஆறா, எட்டா? (வாசகர் கேள்வி–பதில்)

போன இதழில், பிள்ளைக்கு எப்போது சோறு ஆரம்பிக்கலாம் என்று கேட்ட ஒரு வாசகிக்கு, "ஆறு மாதம் முடிகிற வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி மதுரைப் பக்கம் பல வீடுகளில் பஞ்சாயத்தைக் கிளப்பிவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். புருஷன் ஒன்று சொல்கிறார், பெண்டாட்டி ஒன்று சொல்கிறாள், நடுவில் அப்பத்தாவும் அம்மாச்சியும். சரி, இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தபோது, முதலில் பரீட்சார்த்தமாக எடுத்தது நம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தைத்தான். அந்தத் திட்டத்தில் தராசைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளை எடை போட்ட பெண்களில் நானும் ஒருத்தி. வீட்டு உத்தரத்தில் தராசைக் கட்டி, பிள்ளையை மாட்டி, அது கதறக் கதற முள்ளைப் பார்த்து அட்டையில் புள்ளி வைப்போம். கண்ணு பட்டுவிடும் என்று பிள்ளையை ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. அந்த அட்டைகள் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். அதற்கு மேல் போகிற இடத்தில் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண். நாலரை மாதம் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் அங்கன்வாடியில் 6.1 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். என் கணவர் இப்போதே கூழ் ஆரம்பிக்கலாம் என்கிறார். அவருடைய அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறார். அவர்கள் பிள்ளைக்கு ஐந்தாம் மாதமே கேரட் மசித்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மாமியார், பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் சோறு ஊட்டணும், இந்த ஐந்தாம் மாதத்திலேயே குலசாமி கோயிலில் வைத்து ஊட்டிவிடலாம் என்கிறார். என் அம்மாவோ, பல் முளைக்காத பிள்ளைக்கு என்ன சோறு, எட்டு மாதம் ஆகட்டும் என்கிறார். பிள்ளை எப்போதும் கையைச் சப்புகிறாள். நாங்கள் சாப்பிட்டால் வாயையே பார்க்கிறாள். ராத்திரி அடிக்கடி எழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது? — பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: முதலில் பிள்ளையைப் பார்ப்போம், அப்புறம் பெரியவர்களுக்கு வருவோம். 2.9 கிலோவில் பிறந்தவள் நாலரை மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டாள். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும் என்பது கணக்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் நன்றாக ஒன்றுக்குப் போகிறாள் என்றால் பால் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையைச் சப்புவது பசி இல்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளையும் செய்வது. வாயைப் பார்க்கிறாள் என்கிறீர்களே, உங்கள் கையில் இருக்கிற செல்போனையும் அப்படித்தான் பார்ப்பாள். அதற்காக அதை ஊட்டிவிடுவோமா? ராத்திரி எழுவதும் சோறு கேட்டு அல்ல. இன்னொன்றும் இந்த நேரத்தில் வீட்டைக் குழப்பும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று ஏறிய எடை, நாலாம் மாதத்துக்கு மேல் அரைக் கிலோ என்று மெதுவாகிவிடும். அது இயற்கை. ஆனால் அட்டையைப் பார்க்கிறவர்கள், "பால் பத்தலை, கூழைக் கரைங்கடி" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சோற்றுக்குத் தயார் என்றால் பிள்ளை வேறு மாதிரிக் காட்டும். லேசாகப் பிடித்துக்கொண்டால் உட்காரும், தலை ஆடாமல் நிற்கும். கையில் கிடைத்ததைப் பார்த்து, எடுத்து, சரியாக வாய்க்குக் கொண்டுபோகும். கரண்டியை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்கும். இது எல்லாம் சேர்ந்து வருவது பெரும்பாலும் ஆறு மாத வாக்கில்தான். நாலரை மாதத்தில் ஒரு கரண்டி கூழ் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி மோவாயில் வழியும். அது பிடிக்காமல் துப்புவது இல்லை, அந்த நாக்கு இன்னும் பால் குடிக்கிற நாக்கு.

இப்போது உங்கள் கணவர். அவருடைய அண்ணன் சொன்னது பொய் இல்லை. ஜெர்மனியில் ஐந்தாம் மாதத் தொடக்கத்துக்கு முன்னால் வேண்டாம், ஏழாம் மாதத் தொடக்கத்தைத் தாண்டவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். கவனித்துப் பாருங்கள், ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பிப்பது அந்த வரம்புக்குள்ளும் அடங்கிவிடுகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேர் கௌரவமும் கெடாது.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் நாலு மாதம்தான். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியிலேயே நாலு முதல் ஆறு மாதத்துக்குள் என்றுதான் இருந்தது. இன்றைக்கு ஐம்பது வயதுக்காரர்களில் நிறைய பேர் நாலாம் மாதம் ஃபாரெக்ஸ் என்கிற டின் மாவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். 2001-ல் உலக சுகாதார நிறுவனம் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து ஆறு மாதம் என்று மாற்றியது. அதில் பெலாரஸ் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு முக்கியமானது. மூன்று மாதம் மட்டும் தனித் தாய்ப்பால் குடித்தவர்களைவிட, ஆறு மாதம் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது. வளர்ச்சியில் குறை எதுவும் தெரியவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிற நாட்டில் சில மருத்துவர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். குடத்துத் தண்ணீரும், மாம்பழக் காலத்து ஈயும், காலையில் காய்ச்சிய கூழை மத்தியானமும் ஊட்டுகிற பழக்கமும் இருக்கிற நம் ஊரில் எனக்கு ஆறு மாதம்தான் சரி. வயிற்றுப்போக்கில் கண் குழி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன், ஜெர்மனி அண்ணன் பார்த்திருக்க மாட்டார்.

மாமியாருக்குச் சுலபமான வழி இருக்கிறது. ஒற்றைப்படை என்கிறார், அவ்வளவுதானே? நாலரை மாதம் என்றால் இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஆறு முடிந்த மறுநாளே ஏழாம் மாதம் நடக்கத் தொடங்கிவிடும். ஏழு ஒற்றைப்படைதான். நாள் பார்த்து, குலசாமிக்குப் பொங்கல் வைத்து, அங்கேயே ஊட்டுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, அத்தையும் கோபித்துக்கொள்ள மாட்டார். (ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை ஆச்சே என்று கேட்கப் போகிறவர்கள், ஆறு முடிந்த அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த கணக்கில் அது ஆறு. எதற்கும் ஒரு வழி உண்டு.) கோயிலுக்குப் போகும்போது குழைய வேகவைத்த சோற்றை ஒரு சின்ன டப்பாவில் நீங்களே கொண்டு போங்கள். சர்க்கரைப் பொங்கல் வேண்டாம். தாய்மாமன் தொடங்கி ஆளுக்கொரு வாய் என்று பத்துப் பதினைந்து கை நீளும். ஒரு கரண்டி, ஒரு கை, கழுவின கை, அதோடு நிறுத்துங்கள்.

உங்கள் அம்மா சொல்கிற எட்டு மாதத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலுக்கும் ஆறுக்கும் சண்டை போடுகிற வீட்டைவிட, எட்டு, பத்து என்று பேசாமல் தள்ளிப்போடுகிற வீட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கொட்டாம்பட்டி அட்டைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: ஆறு மாதம் வரைக்கும் கோடு ஜம்மென்று ஏறும், அதற்குப் பிறகு படுத்துவிடும். தாய் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். அதனால்தான் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து டானிக்கும் கொடுக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைவாகப் பிறந்த பிள்ளை என்றால் டாக்டர் முன்னாலேயே ஆரம்பிப்பார், அந்தக் கணக்கு வேறு.) பல்லுக்கும் சோற்றுக்கும் சம்பந்தம் இல்லை. மசித்த சோற்றை ஈறே மெல்லும். அம்மாவிடம் எடை அட்டையைக் காட்டிப் பேசுங்கள், என் பேரைச் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் உங்கள் கணவருக்கு ஒரு வேலை. முதல் வாய் ஊட்டியதிலிருந்து சாயங்கால வேளைச் சாப்பாடு அவர் பொறுப்பு என்று இப்போதே பேசி வையுங்கள். கரண்டியைப் பிடிக்கிறவர் கருத்து சொல்லட்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். ஆறு மாதத்தில் 6.9 கிலோ இருந்தான், இப்போது 7.3 கிலோதான். என் மனைவி பருப்புத் தண்ணி, சாதம் வடித்த கஞ்சி, மிக்ஸியில் அடித்து வடிகட்டிய காய் இதைத் தவிர எதுவும் கொடுப்பதில்லை. கெட்டியாகக் கொடுத்தால் புரை ஏறிவிடும் என்று பயப்படுகிறாள். நான் இட்லி பிசைந்து கொடுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை. யார் பக்கம் நியாயம்? — வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, இட்லி விஷயத்தில் உங்கள் பக்கம். ஆனால் பயந்த பெண்ணிடம் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? மூன்று மாதத்தில் 400 கிராம் என்பது ரொம்பக் குறைவு. முதலில் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையை ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். சளி, பூச்சி, இரத்தசோகை என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். கடைசியில் அவரும் சாப்பாட்டில்தான் குறை என்பார் என்பது என் ஊகம்.

பருப்புத் தண்ணி என்பது பேரில்தான் பருப்பு. சத்தெல்லாம் அடியில் வெந்து கிடக்கிற பருப்பில் இருக்கிறது, மேலே இருப்பது மஞ்சள் தண்ணி. ஏழு கிலோ பிள்ளையின் வயிறு ஒரு சின்னத் தம்ளர் பிடிக்கும், ஏறத்தாழ 200 மில்லி. அதைத் தண்ணியால் நிரப்பினால் வயிறு நிறையும், எடை நிற்கும். ஒன்பது மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் போக, சாப்பாட்டில் இருந்து ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். இதை வடித்த கஞ்சியில் கொடுக்க நினைத்தால் பிள்ளை நாள் முழுக்கக் குடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

நாங்கள் வீடுகளில் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்றுதான்: கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடி விழுந்தால் தண்ணி. கரண்டியோடு ஒட்டி, மெதுவாக நழுவினால் சாப்பாடு. குழைய வெந்த சோறு ஒரு கை, அதில் பாதி பருப்பு, வெந்த கீரையோ பூசணியோ கேரட்டோ கொஞ்சம், மேலே ஒரு டீஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய். கையால் பிசையுங்கள், மிக்ஸி வேண்டாம். ஒன்பது மாதத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வாயில் தட்டுப்பட வேண்டும். பத்து மாதம் தாண்டியும் கூழாகவே பழகிய பிள்ளை பின்னால் எதைக் கொடுத்தாலும் துப்பும், அப்புறம் மூன்று வயதில் "என் பிள்ளை சாப்பிட மாட்டேங்குது" என்று கடிதம் வரும். ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம், நாளைக்கு மூன்று நாலு வேளை, நடுவில் பிசைந்த வாழைப்பழம். யானைக்கல் பக்கம் சிறுமலைப் பழம் கிடைத்தால் அதைவிட ருசி இல்லை என்பேன், ஆனால் எந்தப் பழமும் சரிதான்.

முட்டை? தாராளமாக. ஒரு வயது வரை முட்டை ஆகாது என்பது பழைய பேச்சு. நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவோடு மசித்துக் கொடுங்கள். மீனும் ஈரலும் சாப்பிடுகிற வீடு என்றால் முள் எடுத்து, வெந்ததை மசித்துக் கொடுக்கலாம். இரும்புக்கு அதை மிஞ்சின பொருள் நம் அடுப்படியில் இல்லை. உப்பும் சீனியும் ஒரு வயது வரை வேண்டாம். உங்கள் நாக்குக்குச் சப்பென்று இருக்கும், அவனுக்கு இருக்காது.

இனி மனைவியின் பயம். அது வீண் பயம் இல்லை, ஆனால் இட்லியைப் பார்த்துப் பயப்படுகிறார். புதுச் சாப்பாடு தொண்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிள்ளைக்குக் குமட்டும், கண் கலங்கும், தானே வெளியே தள்ளும். அது பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற விதம். நிஜமாக மூச்சை அடைக்கக்கூடியது முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, முறுக்குத் துண்டு. இவற்றை அந்த வீட்டில் கீழே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள், படுக்க வைத்து ஊற்ற வேண்டாம். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும்போது வாயில் திணிக்க வேண்டாம்.

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கச் சிரமப்படுகிறான் என்று மனைவி சொன்னால் ஒரு உபாயம் இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்து ஒரு டப்பாவில் வையுங்கள். கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் அந்த மாவில் ஒரு சிட்டிகை, கூடிப்போனால் அரை டீஸ்பூன், போட்டுக் கிண்டுங்கள். சில நிமிஷத்தில் கஞ்சி தானாக இளகும். முளைவிட்ட தானியத்தில் இருக்கிற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி ஆகிறது. இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணி ஊற்றாமலே மெல்லிசாகும், சத்து குறையாது. முளைவிட்டதை ரொம்ப வறுத்துவிட்டால் இந்த வேலை நடக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் இதில் தோல்வி இல்லை: அவர் கேட்ட மெல்லிசும் ஆயிற்று, நீங்கள் கேட்ட சத்தும் ஆயிற்று.

கேள்வி: நான் அப்பத்தா. மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள். என் பேரனுக்கு மூன்று மாதம். உரமருந்து கூடாது, தேன் கூடாது, இந்தக் கத்திரி வெயிலில் ஒரு சங்கு தண்ணிகூடக் கூடாது என்று மகனும் மருமகளும் சொல்கிறார்கள். என்னை எதற்கு அந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. — சோழவந்தான்

பதில்: அக்கா, உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆனாலும் மூன்றிலும் அவர்கள் சொல்வதுதான் சரி. தேனை ஒரு வயது வரைக்கும் தொட வேண்டாம். தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, கைப்பிள்ளையின் குடலில் அது முளைத்து விஷமாகும், உடம்பு துவண்டுவிடும். அபூர்வமாக வருவதுதான், வந்தால் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைக்கிற வரை போகும். தண்ணி விஷயம்: தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணிதான். மதுரை மே மாதத்துக்கும் அது போதும். வெயில் கூடினால் பிள்ளை இன்னும் இரண்டு தடவை கூடுதலாகக் குடிக்கும். மருமகள் நிறையத் தண்ணி குடிக்கிறாளா என்று பாருங்கள், அந்தச் சங்கை அவளுக்குச் சொம்பாக்கிக் கொடுங்கள்.

உரமருந்தில் எத்தனை உரசு வசம்பு, எத்தனை உரசு மாசிக்காய் என்பது கைக்குக் கை மாறுகிறது. கல்லும் கழுவின தண்ணியும் எப்படி என்பது வேறு. ஆறு மாதத்துக்குள் வேண்டாம். அதற்கு அப்புறமும் டாக்டரைக் கேட்டுத்தான்.

உங்களை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். மேலே திருமங்கலத்துத் தம்பிக்குச் சொன்ன முளைகட்டின மாவைப் பக்குவமாகச் செய்ய அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? மூன்று மாதம் இருக்கிறது. ஒரு படி கேழ்வரகு வாங்கிக் கல் பார்த்து வையுங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் விடுப்பு எடுத்துவிட்டேன், அதனால் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும் முன்பே வேலைக்குத் திரும்ப வேண்டும். கணவர், டின் மாவு ஆரம்பித்துவிடலாம், வேறு வழியில்லை என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. — வில்லாபுரம்

பதில்: உங்கள் வீட்டுச் சண்டை உண்மையில் உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இல்லை, காலண்டருக்கும் கம்பெனிக்கும் இடையில். 2017-ல் விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், முன்னால் எடுத்தவர்களுக்குப் பின்னால் குறைகிறது. மாநில அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து 12 மாதம். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் சட்டப்படி பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வேலை நேரத்தில் பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை கேட்டு வாங்கலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கவும் விட வேண்டும். எத்தனை இடத்தில் நடக்கிறது என்று கேட்காதீர்கள், எழுத்தில் கேட்டால் சில இடத்தில் நடக்கிறது.

வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே பாலைக் கையால் கறந்து வைக்கப் பழகுங்கள். நன்றாகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் போதும். நம் ஊர் வெக்கையில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் சுட வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பால்புட்டி வேண்டாம், பாலாடையில் (சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். அதை ஊட்டக் கற்றுக்கொள்ள வேண்டியவர் உங்கள் கணவர். முதல் நாள் பாதி சட்டையில் போகும், நாலாம் நாள் பழகிவிடும். வேலை முடிந்து வந்ததும், ராத்திரியும், விடியற்காலையும் நேராகக் கொடுங்கள்.

நடுவில் இருப்பது சுமார் ஆறு வாரம்தான். எவ்வளவு முயன்றும் கறந்த பால் பத்தவில்லை என்றால், டாக்டரைக் கேட்டு அந்தப் பற்றாக்குறைக்கு மட்டும் குழந்தைப் பால் பவுடர் கொடுப்பது, தானிய மாவு கரைத்து ஊற்றுவதைவிட மேல். பசும்பாலும் வேண்டாம், ஒரு வயது வரை குடிக்கிற பாலாக அதைக் கொடுத்தால் இரத்தசோகை வரக்கூடும். டின் மாவைப் பற்றி இன்னொன்று. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-ல் போட்டு 2003-ல் இறுக்கிய சட்டம் இருக்கிறது. அப்புறம் எப்படி உங்கள் கணவருக்கு அந்த டின்களின் பேரெல்லாம் தெரிந்திருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்குப் பதினாலு மாதம். தாய்ப்பால் குடித்துக்கொண்டே இருப்பதால்தான் சோறு இறங்கவில்லை, நிறுத்து என்கிறார் கணவர். மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார், இல்லை என்றால் பிள்ளையை ஒரு வாரம் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பு என்கிறார். எனக்கு இரண்டு வயது வரை கொடுக்க ஆசை. — உசிலம்பட்டி

பதில்: கொடுங்கள். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் உங்கள் கணவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் சோறு, அப்புறம் பால். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் இல்லை. பகலில் அழுதவுடன் மார்பில் போடுகிற பழக்கத்தைக் குறைத்து, தூங்கும் முன்னும் விடியற்காலையும் மட்டும் என்று வையுங்கள். இரண்டு வாரத்தில் சோறு இறங்குகிறதா என்று அவரே எடை போட்டுப் பார்க்கட்டும்.

வேப்பெண்ணெய் வேண்டாம், பிள்ளை விழுங்கினால் வாந்தியும் வலிப்பும் வர வாய்ப்புண்டு. நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவதும் வேண்டாம். பாலும் போய் அம்மாவும் போனால் அது சோறா சாப்பிடும்?

என்றைக்கு நிறுத்த நினைத்தாலும், நாலைந்து நாளுக்கு ஒரு வேளைப் பால் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, ராத்திரிப் பாலைக் கடைசியில் விடுங்கள். திடீரென்று நிறுத்தினால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். கட்டினால் வலி அடங்குகிற அளவுக்கு மட்டும் கறந்துவிடுங்கள், முழுதாகக் கறந்தால் மறுபடி சுரக்கும். நம் பக்கம் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்களே, அது சும்மா சொன்ன கதை இல்லை. பால் நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் பால் குறைந்தது என்று 1988-லேயே ஆய்வு எழுதியிருக்கிறார்கள். ராத்திரிப் பாலாவது கொடுக்கிற வரைக்கும் பூவைக் கட்டிவிடாதீர்கள், இருப்பதும் வற்றிவிடும். நிறுத்துவது மார்கழி, தை என்று அமைந்தால் மாட்டுத்தாவணியில் பூ விலை கேட்கவே முடியாது, குளிர்ந்த ஈரத்துணியே போதும். மார்பில் சிவப்பும் கட்டியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பூவும் வேண்டாம் துணியும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.